திரும்பாத ஒருவரும் திரும்பிய நால்வரும்: அயல்நாட்டு உதவிப் பணியாளரின் மீள்வரவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1938ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பம்பாயிலிருந்து 'ராஜ்புதானா' என்னும் கப்பலில் ஐந்து இந்திய மருத்துவர்கள் சீனாவிற்குப் புறப்பட்டனர். ஜப்பானியப் படையெடுப்பிற்கு ஆளாகியிருந்த சீனத்திற்கு மருத்துவ உதவி வேண்டும் எனப் படைத்தலைவர் சூ தே சவகர்லால் நேருவிற்கு எழுதிய வேண்டுகோளும், அவ்வாண்டில் காங்கிரசின் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் விடுத்த அழைப்பும் இப்பயணத்தின் பின்புலமாகும். அலகாபாத்தைச் சேர்ந்த மதன் மோகன்லால் அடல் தலைமை ஏற்றார். நாகபுரியைச் சேர்ந்த சோல்கர், சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ், கல்கத்தாவைச் சேர்ந்த பிஜய் குமார் பாசு, தேபேஷ் முகர்ஜி ஆகியோர் ஏனைய நால்வர். இவர்களுள் நால்வர் தாயகம் திரும்பினர். கோட்னிஸ் 1942 டிசம்பர் 9ஆம் நாள் சீன மண்ணிலேயே இறந்தார்.

இந்திய–சீன உறவு பற்றிய நூல்களில் இச்செய்தி பலமுறை எழுதப்பட்டுள்ளது. புறப்பாடு, வழிப்பயணம், களப்பணி, கோட்னிஸின் மரணம் ஆகிய நான்கும் விரிவாகப் பேசப்படுகின்றன. திரும்பி வந்த நால்வரும் வீட்டுவாயிலில் காலடி வைத்தபின் எவ்வாறு வாழ்ந்தனர், போர்க்களத்தில் கண்டவற்றை யாரிடம் கூறினர், அவற்றைக் கேட்கும் செவி அவர்களுக்கு வாய்த்ததா என்பன கேட்கப்படாத வினாக்களாகவே உள்ளன. அயல்நாட்டில் துன்புற்றோர்க்கு உதவச் சென்று மீண்டவரின் மனநிலைக்குத் துணைநிற்பதும் உதவிப் பணியின் ஒரு கூறே என்னும் எண்ணம் உலக அளவில் மிகத் தாமதமாகவே உருப்பெற்றது. அவ்வெண்ணத்தின் வரலாற்றை இந்தியச் சான்றுகளோடு பொருத்திக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

நூற்பெயரும் அதன் எச்சமும்

இம்மருத்துவக் குழு பற்றிய முதல் விரிவான நூலைக் குவாஜா அகமது அப்பாஸ் 1944இல் வெளியிட்டார். திரும்பி வந்த பாசுவின் வாய்மொழியே அதற்குப் பெருந்துணையாக அமைந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூலின் பெயர் 'அண்ட் ஒன் டிட் நாட் கம் பேக்' என்பதாகும். 'ஒருவர் மட்டும் மீளவில்லை' என அதனைத் தமிழாக்கலாம். ஆயினும் ஆங்கிலப் பெயர் 'அண்ட்' என்னும் இணைப்புச் சொல்லோடு தொடங்குவதை நோக்க வேண்டும். இணைப்புச் சொல்லுக்கு முன்னே ஒரு தொடர் நின்றிருக்க வேண்டும். 'ஐவர் சென்றனர், நால்வர் மீண்டனர்' என்பதே அத்தொடர். நம் இலக்கணியர் எச்ச உம்மை என்று சுட்டும் நிலைக்கு ஒப்பாக, சொல்லப்படாத ஒன்றை அப்பெயர் தழுவி நிற்கிறது. இறந்தவரின் புகழ் திரும்பியவரின் இருப்பை ஊகித்தறிய வேண்டிய எச்சமாக ஆக்கிவிட்டது. அப்பாஸின் நோக்கம் இதுவன்று என்பதை இங்கேயே கூறிவிடுதல் நன்று. விடுதலைப் போராட்டக் காலத்தில் ஓர் ஈகியின் வரலாறு நாட்டிற்குத் தேவைப்பட்டது; அதனை அவர் எழுதினார்.

இந்நூலின் அடிப்படையில் வி. சாந்தாராம் இயக்கி நடித்த 'டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி' என்னும் இந்தித் திரைப்படம் 1946இல் வெளிவந்தது. அதன் இறுதிப் பகுதி இக்கட்டுரையின் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. இறக்கும் தறுவாயில் கோட்னிஸ் தம் சீன மனைவியிடம், தம் ஊரில் அவளுக்குக் கிடைக்கப்போகும் வரவேற்பை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அவர் சொல்லச் சொல்ல, அவளும் குழந்தையும் அவ்வீட்டை அடையும் காட்சி திரையில் விரிகிறது. உண்மையில் அவர் மனைவி குவோ சிங்லான் சீனாவிலேயே வாழ்ந்து 2012இல் இறந்தார். இந்தியாவிற்குப் பின்னாளில் பலமுறை வந்து சென்றார் என்றாலும் திரைப்படம் காட்டும் அந்த மீள்வரவு நிகழவில்லை. நிகழாத மீள்வரவு ஒன்றை அத்துணை உருக்கமாகக் கற்பனை செய்த நாட்டுக்கு, நிகழ்ந்த நான்கு மீள்வரவுகளைப் பற்றி ஒரு காட்சி தேவைப்படவில்லை. திரைக்கதைக்கு இது குறையாகாது. வரலாற்றெழுதியலும் அதே வழியிற் சென்றது என்பதே கவலைக்குரியது.

நால்வரின் மீள்வரவு

நால்வரும் ஒருங்கே திரும்பவில்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. சோல்கரும் முகர்ஜியும் 1939இலேயே திரும்பினர். முகர்ஜியின் திரும்புதலுக்கு நோயே காரணம். அடலும் நோய்வாய்ப்பட்டு 1940இல் திரும்பினார். பாசு 1943 வரை அங்கே பணியாற்றினார். ஐந்து மருத்துவர்கள் ஒரே கப்பலில் சென்றதற்கும் நால்வரும் வேறுவேறு காலத்தில் பிரிந்து வந்ததற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. புறப்பட்டபோது பம்பாயில் சரோஜினி நாயுடு முதலியோர் கலந்துகொண்ட வழியனுப்பு விழா நடைபெற்றது. நோயால் இடையிலே திரும்புகின்றவர்க்கு அத்தகைய பொதுமதிப்பைக் காட்டிலும் 'பணி முடியுமுன் வந்துவிட்டோமே' என்னும் உள்ளுறுத்தலே மிகுதியாக இருந்திருக்கக் கூடும். இஃது ஊகமே. ஆனால் அயல்நாட்டு உதவிப் பணியிலிருந்து இடையில் திரும்புவோரிடம் இக்குற்றவுணர்வு காணப்படுவதைப் பிற்கால ஆய்வாளர் பலர் குறித்துள்ளனர்.

அடலின் வாழ்வில் வேறொரு கூறும் உள்ளது. சீனாவிற்குச் செல்லுமுன்பே அவர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பிற்கு மருத்துவப் பணியாற்றியவர். ஒரு போர்க்களத்திலிருந்து மீண்டவர் விரைவிலேயே மற்றொரு போர்க்களம் நோக்கிச் சென்றார். இதற்கு அரசியல் பற்றே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் களத்திலிருந்து மீண்டவர்க்கு வீட்டினும் அடுத்த களமே இயல்பான இடமாகத் தோன்றும் நிலை உதவிப் பணியாளர் பலருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மீள்வரவின் வெறுமைக்கு மீண்டும் புறப்படுதலே மருந்தாக ஆகிவிடுகிறது. மருந்தா, நோயின் நீட்சியா என்பதை ஒவ்வொருவர் வாழ்வையும் வைத்தே முடிவுசெய்ய இயலும்.

கோட்னிஸ் திரும்பாமையும் இவ்வகையில் எண்ணத்தக்கது. தந்தை இறந்த செய்தி அவருக்குச் சீனாவில் இருக்கும்போதே கிடைத்தது. ஊர் திரும்ப வாய்ப்பிருந்தும் அவர் பணியைத் தொடர்ந்தார். பின்னர் 1941இல் பெத்தூன் பெயரால் அமைந்த பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் தலைவரானார். அங்குச் செவிலியர் பயிற்சியளித்த குவோ சிங்லானை மணந்தார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்த சில மாதங்களில் வலிப்பு நோயால் இறந்தார். தந்தையில்லாத வீட்டிற்குத் திரும்புதல் என்பது அவர் விட்டுவந்த வீட்டிற்குத் திரும்புதல் ஆகாது. இவ்வுண்மையை அவர் உணர்ந்திருப்பார் எனக் கருத இடமுண்டு.

நால்வருள் பாசுவின் மீள்வரவே மிகுந்த சுமை உடையது. களத்தில் உடனிருந்த நண்பரின் மரணச் செய்தியோடு அவர் வந்தார். வந்த ஆண்டு 1943. அது வங்கப் பெரும்பஞ்சத்தின் ஆண்டு. ஓரிடத்துத் துயரைக் கண்டு மீண்டவரை மற்றொரு துயர் வாயிலிலேயே எதிர்கொண்டது. இதற்குமேல் அவரிடம் நாடு எதிர்பார்த்தது என்ன என்பதையும் எண்ண வேண்டும். கோட்னிஸைப் பற்றிக் கூறுக என்றே அனைவரும் கேட்டனர். அவர் கூறினார், அப்பாஸின் நூல் எழுந்தது, திரைப்படமும் எழுந்தது. பின்னாளில் கோட்னிஸ் நினைவுக் குழுவை அமைத்து உழைத்தவரும் அவரே. சீனாவிற்கு மீண்டும் சென்று அக்குபங்சர் மருத்துவம் பயின்று வந்து அதனை இந்தியாவில் பரப்பினார். இறந்த நண்பருக்குச் சான்றாக நிற்பதே திரும்பியவரின் கடமையாயிற்று. தம்மைப் பற்றிப் பேசுவதற்கான இடம் அக்கடமைக்குள் குறுகலாகவே இருந்திருக்கும்.

பாசு களத்தில் எழுதிவந்த நாட்குறிப்பு 1986இல்தான் நூல்வடிவம் பெற்றது. நண்பரைப் பற்றிய செய்தி திரும்பிய மறு ஆண்டே அச்சேறியது. தம்முடைய நாட்குறிப்பு அச்சேற நாற்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின. இத்தாமதத்திற்கு அச்சுச் செலவு முதல் அரசியல் சூழல் வரை பல காரணங்கள் இருந்திருக்கலாம். 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் சீனத்தோடு கொண்ட தோழமையைப் பொதுவில் பேசுவதே அரிதாயிற்று என்பதை மறத்தலாகாது. திரும்பி வந்தவரின் அனுபவத்தைக் கேட்கத்தக்கதாகவோ கேட்கத்தகாததாகவோ ஆக்குவதில் அரசுகளுக்கிடையேயான உறவுக்கும் பங்குண்டு. வியட்நாமிலிருந்து மீண்ட அமெரிக்கச் செவிலியர் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. மக்கள் வெறுத்த போரிலிருந்து மீண்ட அவர்கள், தாம் அங்குப் பணியாற்றியதையே நெடுங்காலம் பிறரிடம் சொல்லாது இருந்தனர்.

முல்லைத் திணையின் எல்லை

தமிழியல் ஆய்வாளர்க்கு மீள்வரவு என்றவுடன் முல்லைத் திணை நினைவிற்கு வருதல் இயல்பு. வினைமுற்றி மீளும் தலைவன் பாகனை நோக்கிக் கூறுவதும், பருவம் கண்டு தலைவி ஆற்றாளாதலும், தோழி வற்புறுத்தலும் அகப்பாடல்களில் மிகுதியாக உள்ளன. ஐங்குறுநூற்றின் ஐந்தாம் நூறு பேயனார் பாடிய முல்லை. அதில் பாசறைப் பத்து உள்ளது. தேர்வியங்கொண்ட பத்து உள்ளது. அவற்றின்பின், அந்நூறும் நூலும் முடியுமிடத்தில் நிற்பது வரவுச் சிறப்புரைத்த பத்து. பாசறை, தேர், வரவு என்னும் வைப்புமுறையே ஒரு மீள்வரவின் வழித்தடம் போன்றது.

வரவோடு நூல் முடிகிறது. போர்க்களம் கண்ட தலைவன் வீட்டில் எத்தகையவனாய் இருந்தான் என்பது முல்லையின் பாடுபொருளன்று. இருத்தலே உரிப்பொருளாகலின், காத்திருந்தவளின் துயர் தீர்தலே அங்கு முடிபாகிறது. வந்தவனின் துயர் என ஒன்று உண்டு என்பதற்குத் திணை மரபில் இடமில்லை. இது குறையன்று, கவிதை மரபொன்று தனக்கு வகுத்துக்கொண்ட எல்லை. புலனெறி வழக்கை வாழ்வியற் சான்றாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டு மருத்துவரின் உள்ளத்தை விளக்கப் புகுதல் பிழை. வரவோடு கதை முடிந்தது என்று கொள்ளும் மனப்பாங்கு எவ்வளவு பழைமையானது, எவ்வளவு இனிமையானது என்பதை உணர்த்தும் அளவிற்கே இவ்வொப்பீடு பயன்படும். நிலையங்களில் மாலையிட்டு வரவேற்றபின் கூட்டம் கலைந்துவிடுகிறது. மறுநாட் காலை அவ்வீட்டில் நிகழ்வதை வரவுச் சிறப்புரைப்போர் அறியார்.

மீள்வரவு ஓர் ஆய்வுப்பொருளானமை

மீள்வரவின் இடர்ப்பாட்டை மெய்யியல் நோக்கில் முதன்முதல் தெளிவாக ஆராய்ந்தவர்களுள் ஆல்பிரட் ஷூட்ஸ் குறிப்பிடத்தக்கவர். வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த இச்சமூகவியலறிஞர், உலகப் போர் முடிந்த 1945இல் வீடு திரும்புவோன் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். உறங்கியவாறே கரைசேர்க்கப்பட்ட ஒடிசியஸ் விழித்தெழுந்து தன் நாட்டையே அடையாளம் காணாது திகைக்கும் நிகழ்ச்சியோடு அது தொடங்குகிறது. புதிய நாட்டிற்குச் செல்வோன் அங்கு யாவும் வேறாக இருக்கும் என எதிர்பார்த்தே செல்கிறான். வீடு திரும்புவோனோ யாவும் முன்போலவே இருக்கும் என எதிர்பார்க்கிறான். ஆதலின் இரண்டாமவனின் திகைப்பே பெரிது. பிரிந்திருந்த காலத்தில் அவனும் மாறினான், வீடும் மாறியது. இரு தரப்பும் மற்றதன் மாற்றத்தை அறியவில்லை என்பது ஷூட்ஸ் கருத்தின் சாரம். அவர் கண்முன் இருந்தவர் போர்வீரர். ஆயினும் அவர் வாதம் உதவிப் பணியாளர்க்குப் பின்னும் பொருந்தும். வீரனின் வேலை ஏறத்தாழ இன்னது என்று வீட்டார்க்கு ஒரு படிமமேனும் உண்டு. அகதி முகாமில் பணியாற்றி மீண்டவரின் வேலை பற்றி அதுவும் இல்லை.

அதே 1945இல் பிரிட்டனில் ஒரு செயல்முறை முயற்சியும் நிகழ்ந்தது. சிறைப்பட்டு மீண்ட படைவீரர்க்கெனக் குடிவாழ்வு மறுவமர்வு மையங்கள் இருபது நிறுவப்பட்டன. டாவிஸ்டாக் மருத்துவமனையோடு தொடர்புடைய உளவியலறிஞர் இவற்றை வகுத்தனர். இங்கு வருதல் கட்டாயமன்று. வந்தோர் சில வாரங்கள் தம்மையொத்தவரோடு தங்கி, தொழிற்கூடங்களைச் சென்று கண்டு, படிப்படியாக ஊர்வாழ்விற்குத் திரும்பினர். மீண்டவரை நோயாளி என்று முத்திரையிடாமை இம்முயற்சியின் சிறப்பு. பின்வந்த பல திட்டங்கள் இந்நயத்தை இழந்தன.

போர் சாராத அயல்நாட்டுப் பணியாளரிடம் இச்சிந்தனை பரவியது 1960களில். ஜான் கல்லகார்ன் போன்றோர் என்று பெயர்களை அடுக்குவதினும் கருத்தைச் சுட்டுதல் போதும். அயல்நாட்டிற் குடியேறுவோரின் மனநிலை முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் உயரும் என்பது முன்னரே கூறப்பட்டிருந்தது. தாயகம் திரும்பும்போது அவ்வீழ்ச்சி மறுபடி நிகழ்கிறது என்று 1963இல் வெளிவந்த கல்லகார்ன் இணையரின் ஆய்வு காட்டியது. மறுதலைப் பண்பாட்டு அதிர்ச்சி எனப் பின்னர் வழங்கப்பட்ட கருத்து இது. 1961இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையின் தன்னார்வலர் பலர் இந்தியாவிலும் பணியாற்றினர். திரும்பியவர்களை வாஷிங்டனில் 1965 மார்ச்சில் ஒரு மாநாட்டிற்கு அழைத்து, அவர்கள் தாயகத்தில் எதிர்கொண்டவற்றை அவர்கள் வாயிலாகவே கேட்டனர். அரசு அமைப்பொன்று மீண்டவரைத் திரட்டிச் செவிகொடுத்தமைக்கு இது நல்ல சான்று.

1980களிலிருந்து உளவியல் துறை இப்பொருளைத் தன்னகப்படுத்தியது. தீயணைப்போர், அவசர ஊர்திப் பணியாளர் ஆகியோர்க்கென ஜெஃப்ரி மிட்செல் 1983இல் வகுத்த 'டீப்ரீஃபிங்' என்னும் முறை, உதவி நிறுவனங்களிலும் விரைந்து பரவியது. கொடிய நிகழ்வைக் கண்டவரைச் சில நாட்களுக்குள் அமரவைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் வரிசையாகச் சொல்லச் செய்வது இதன் இயல்பு. குழு நிலையில் வகுக்கப்பட்ட இம்முறை நாளடைவில் தனியொருவருக்கு ஒரே அமர்வில் நிகழ்த்தும் சடங்காகச் சுருங்கியது. இத்தகைய ஒற்றை அமர்வு பின்வரும் மன அழுத்தக் கோளாற்றைத் தடுப்பதாகச் சான்றில்லை என்றும், ஓர் ஆய்வில் ஓராண்டுக்குப் பின் தீங்கே மிகுந்தது என்றும் 2002இல் காக்ரேன் தொகுப்பாய்வு தெரிவித்தது. அத்தொகுப்பிற்கு எடுக்கப்பட்டோர் விபத்து முதலியவற்றிற்கு ஆளானோர். உதவிப் பணியாளர் அல்லர். ஆதலின் அம்முடிவை நம் பொருளுக்கு அப்படியே ஏற்றுதல் கூடாது. எனினும் சொல்லச்செய்தல் வேறு, கேட்டல் வேறு என்பதை அது உணர்த்தியது. சொல்லுதற்குரிய காலத்தைச் சொல்பவர் தேர்ந்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் நாட்காட்டி தேர்ந்துகொள்ளலாகாது.

இதற்கிடையே உதவி நிறுவனங்களும் தம் பொறுப்பை எழுத்தில் ஏற்கத் தொடங்கின. ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தன்னார்வ நிறுவனங்களும் இணைந்த நிலைக்குழு, நெருக்கடிக் காலங்களில் மனநலத் துணை பற்றி 2007இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளுள் பணியாளர் நலனுக்கெனத் தனிப்பகுதி ஒன்றுண்டு. பணி முடிந்தபின்னரும் துணை கிடைக்கச் செய்தல் வேண்டும் என அது விதித்தது. 1863இல் செஞ்சிலுவை இயக்கத்தின் முதற்குழு கூடியதிலிருந்து கணக்கிட்டால் இவ்விதிக்கு நூற்றுநாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆயின. அவ்வியக்கத்திற்கு வித்தான 'சோல்ஃபெரினோ நினைவு' என்னும் நூலே, களத்திலிருந்து மீண்ட ஒருவர் எழுதியது என்பது இங்கு நினையத்தக்கது. 1859 ஜூனில் கண்டதை ஆன்றி தூனான் 1862இல் தம் செலவில் 1600 படிகள் அச்சிட்டார். அந்நூலிலிருந்து உலகம் காயமுற்றோரைப் பற்றிக் கற்றது. மூன்றாண்டுகள் அக்காட்சிகளைச் சுமந்திருந்த ஆசிரியரைப் பற்றி ஒன்றும் கற்கவில்லை.

நெறிகள் எழுதப்பட்டபின் வெளிவந்த ஓர் ஆய்வு சிக்கலின் அளவைக் காட்டுகிறது. பார்பரா லோப்பஸ் கார்டோசோவும் பிறரும் 19 நிறுவனங்களைச் சேர்ந்த 212 பன்னாட்டுப் பணியாளரைப் புறப்படுமுன்னும் பணி முடிந்தபோதும் அதன்பின் மூன்று முதல் ஆறு திங்களிலும் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். மனச்சோர்வின் அறிகுறி உடையோர் புறப்படுமுன் 10.4 விழுக்காடு, பணி முடிந்தபோது 19.5, திரும்பிச் சில திங்கள் கழிந்தபின் 20.1. பதற்றத்தின் அறிகுறி 3.8இலிருந்து 11.8 ஆக உயர்ந்து பின்னர் 7.8 ஆகத் தணிந்தது. பதற்றம் களத்தோடு ஓரளவு நீங்க, சோர்வு வீட்டிலும் தங்கிவிடுகிறது. வீடு சேர்ந்தால் யாவும் சரியாகும் என்னும் நம்பிக்கையை இவ்வெண்கள் தாங்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. உதவிப் பணியாளருள் பெரும்பான்மையர் அந்தந்த நாட்டினரே. அவர்க்குத் திரும்பிச் செல்ல வேறு நாடில்லை. குவோ சிங்லான் அத்தகையவர். அயலாரின் மீள்வரவைப் பற்றிய ஆய்வுகள் மிகுந்தும், மீள இடமில்லாதவர் பற்றிய ஆய்வுகள் குறைந்தும் இருப்பது இத்துறையின் சாய்வு. இக்கட்டுரையும் அச்சாய்விற்கு விலக்கன்று.

சேர்ந்து திரும்பியோர்

சீனக் குழுவோடு ஒப்பிட இந்திய வரலாற்றில் மற்றொரு மருத்துவக் குழு உள்ளது. கொரியப் போரில் ஐக்கிய நாடுகளின் சார்பில் பங்கேற்க இந்தியா போரிடும் படையை அனுப்பாது, 60ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அப்பிரிவு 1950 நவம்பரில் கொரியா சென்று 1954இல் திரும்பியது. தலைமை ஏற்றவர் ஆற்காடு என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முதலிற் கொண்ட ஏ.ஜி. ரங்கராஜ். 1950 இறுதியில் பியோங்யாங் நகரை விட்டுப் படைகள் பின்வாங்கியபோது, மருந்துப் பொருள்களைக் கைவிட மனமின்றி, பழைய தொடர்வண்டி ஒன்றைத் தாமே இயக்கி அவற்றை மீட்டுவந்தனர். 1951 மார்ச்சில் முன்சான் அருகே வான்குடை வழியாக இறங்கிக் காயமுற்றோர்க்குப் பணியாற்றியவரும் இவர்களே. மகாவீர் சக்கர விருது பெற்ற ரங்கராஜ், பின்னாளில் உலக நலவாழ்வு அமைப்பின் பெரியம்மை ஒழிப்புப் பணிக்காக ஆப்கானிஸ்தான் சென்றார். அடலைப் போலவே இவரும் மீண்டும் புறப்பட்டவர்.

கொரியாவில் கண்ட துயர் சீனாவில் கண்டதனினும் குறைந்ததன்று. திரும்பிய முறையில்தான் வேறுபாடு. இவர்கள் ஒரு பிரிவாகச் சென்று, பிரிவாகவே பணியாற்றி, பிரிவு என்னும் அமைப்பிற்குள்ளேயே மீண்டனர். தாயகத்திலும் அதே பாசறை, அதே உணவுக்கூடம், அதே தோழர். கண்டதை விளக்கிச் சொல்லத் தேவையில்லாதவர் அருகிலிருந்தனர். பியோங்யாங் தொடர்வண்டிக் கதை இன்றும் படைப்பிரிவு மரபில் வழங்கி வருவதற்கு இச்சூழலே காரணம் எனலாம். பாசுவிற்கும் முகர்ஜிக்கும் அத்தகைய உணவுக்கூடம் இல்லை. தம்மோடு அந்நிலத்தைக் கண்டவர் அலகாபாத்திலும் நாகபுரியிலும் கல்கத்தாவிலும் பிரிந்து கிடந்தனர். ஒருவர் சீன மண்ணிற் கிடந்தார். வியட்நாமிற்கு அமெரிக்க வீரர் ஒவ்வொருவராக அனுப்பப்பட்டு ஒவ்வொருவராகத் திரும்பியமை அவர் துயரை மிகுவித்தது எனப் போர் உளவியலார் கூறுவது இவ்வேறுபாட்டிற்கு அரணாகும். எனினும் படைமரபு வீரக்கதையைப் பேணும் அளவிற்கு அச்சத்தையும் அழுகையையும் பேணுவதில்லை. தொடர்வண்டியை இயக்கியது நினைவிலுள்ளது. அவ்விரவில் யார் என்ன எண்ணினர் என்பது மரபில் இல்லை.

2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, கொரியப் பணியின் மரபுவழி வந்த 60ஆவது வான்குடைக் கள மருத்துவமனையைச் சேர்ந்த 99 பேர் ஹதாய் மாநிலத்து இஸ்கெந்தெருன் நகரில் மருத்துவமனை அமைத்தனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் சென்றிருந்தனர். அம்மாதம் 20ஆம் நாள் பிரதமர் அவர்களைச் சந்தித்துப் பாராட்டினார். செய்தித்தாள்களில் வரவேற்பும் படங்களும் விரிவாக வெளிவந்தன. இவர்களுள் ஒருவரேனும் நாட்குறிப்பு எழுதியிருக்கக் கூடும். இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டோரைப் பற்றி ஊரார் கேட்டிருப்பர். உயிரின்றி எடுக்கப்பட்டோரைப் பற்றி அவர்கள் யாரிடம் கூறினர் என்பது இன்னும் கேட்டறியக் கூடிய வினா. சீனக் குழுவினருள் இன்று ஒருவரும் இலர். துருக்கி சென்று மீண்டோர் நம்மிடையே வாழ்கின்றனர். வாய்மொழி வரலாற்றைப் பாடமாக வைத்திருக்கும் மொழித்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் அவர்களிடம் செல்வதற்குப் பாசுவின் நாட்குறிப்பைப் போல நாற்பத்துமூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.